குதிநாண் வலியும் எங்கள் மலைப்படிகளும்

குதிகாலுக்குச் சற்று மேலே பின்பக்கமாக இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடிப்பாக ஒரு நாண் தட்டுப்படும். கெண்டைச் சதையின் பலம் முழுவதையும் குதி எலும்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். உடம்பில் உள்ள தசைநாண்களிலேயே தடித்ததும் பலமானதும் அதுவே. மருத்துவர்கள் அக்கிலீஸ் தசைநாண் என்பார்கள், நான் குதிநாண் என்றே எழுதுகிறேன். வலி வரும்வரை இதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வந்துவிட்டால், அதிலும் மலைநாட்டில் இருந்துகொண்டு வந்துவிட்டால், ஒவ்வொரு மணி நேரமும் அதன் நினைப்புதான். தண்ணீர்க் குழாய்க்குப் போனாலும் கடைக்குப் போனாலும் பஸ் பிடிக்கப் போனாலும் இங்கே ஏற்றமோ இறக்கமோ இல்லாத வழி கிடையாது.

நான் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்கும் இந்த வலி வந்தது, கொழுந்து எடுக்கும் என் அக்காவுக்கும் வந்தது. என்னுடையது குதியில் இருந்து நாலு விரல் மேலே, நாணின் நடுப்பகுதியில். அக்காவுடையது நாண் எலும்பில் ஒட்டும் இடத்தில். டொக்டர் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதினார், ஆனால் செய்ய வேண்டியவை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த வலிக்குக் கிடைக்கிற அறிவுரை இரண்டே இரண்டு: "தைலம் பூசுங்க", "ரெஸ்ட் எடுங்க". தைலம் பூசினால் இதமாக இருக்கும், பூசுங்கள். ரெஸ்ட் என்பது கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நடக்காத காரியம், நடந்தாலும் அது மட்டும் இந்த வலியைக் குணமாக்காது. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்வதில் பாதி மறந்துவிடும் என்பதால் எழுதியும் வைக்கிறேன்.

முதலில் என் கால். ஹட்டன் டவுனில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு மேல் டிவிஷன் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்தது. பஸ் நிற்கும் இடத்தில் இருந்து பாடசாலை வரை தேயிலைக்கு நடுவே செங்குத்தான குறுக்குப்பாதை, பாதிக்கு மேல் கல் படி. அந்தப் பள்ளித் தவணையிலேயே பின்னேரங்களில் பையன்களோடு கரப்பந்தும் விளையாடத் தொடங்கினேன். மாசி மாதம் வழக்கம்போல் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்கும் போய்வந்தேன். அந்த வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், உச்சி 2,243 மீட்டர். திரும்பி வந்து சில நாளில் காலையில் எழுந்து நடக்க முடியவில்லை. மலை ஏறிய களைப்புத்தான் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பிசியோதெரபி மிஸ் மலையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்தைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார். என்ன புதிதாகத் தொடங்கினீர்கள், எவ்வளவு தூரம் கூடியது, சப்பாத்து மாற்றினீர்களா, வேறு நோய்க்கு ஏதாவது மருந்து எடுத்தீர்களா. காரணம் பிறகு விளங்கியது. தசைக்குச் சில வாரத்தில் பலம் ஏறிவிடும், நாணுக்கு மாதங்கள் வேண்டும். ஓடும்போது குதிநாணில் விழும் சுமை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகலாம். எழுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் அரை டன் அளவுக்கு வருகிறது. இவ்வளவையும் அது தாங்கும், தாங்கத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. சுமை திடீரென்று கூடுவதுதான் அதற்கு ஆகாது. கடுமையான உழைப்புக்குப் பிறகு முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை நாணுக்குள் புதிதாகக் கட்டப்படுவதைவிடச் சிதைவது அதிகம். அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. அந்த இடைவெளியைக் கொடுக்காமல் மேலும் மேலும் ஏற்றினால் கணக்கு எப்போதும் நட்டத்திலேயே நிற்கும். ஏற்றமான பாதை, கரப்பந்து, மலை யாத்திரை மூன்றும் ஒரே தவணையில் என் காலில் இறங்கியிருந்தன.

இந்த வலியை அது வரும் நேரத்தை வைத்தே அடையாளம் காணலாம். காலையில் படுக்கையை விட்டு இறங்கியதும் வைக்கும் முதல் அடிகளில் விறைப்பும் வலியும் இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் குறையும். வேலைக்கு நடுவே மறந்தே போகும். பொழுது சாய்ந்து உட்கார்ந்து எழும்பும்போது திரும்ப வரும். நடுவில் குறைந்துவிடுவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நாணைக் கிள்ளிப் பிடித்தால் ஓரிடத்தில் மட்டும் நோகும், அங்கே ஒரு தடிப்பு இருக்கலாம். வலி குதியின் அடிப்பக்கத்தில், உள்ளங்கால் தொடங்கும் இடத்தில் இருந்தால் அது வேறு நோய், அதற்கு வேறு வழி. மார்கழி, தை மாதக் குளிரில் காலை விறைப்பு கூடுதலாகத் தெரியும். நான் போர்வைக்குள் இருந்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக நன்றாக அசைத்துவிட்டுத்தான் இறங்குவேன். கம்பளி மேசும் (காலுறையும்) போட்டுக்கொள்வேன். இது குணப்படுத்தாது, ஆனால் அந்த முதல் அடிகளைத் தாங்கக்கூடியதாக்கும்.

நாணுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் மருத்துவத்தில் நம்பிக்கை வராது என்பதால் அதையும் சொல்கிறேன். முன்பெல்லாம் இதை அழற்சி என்றே கருதினார்கள். வலியுள்ள நாணில் இருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது நினைத்த அளவுக்கு அழற்சிக்குரிய செல்கள் இருக்கவில்லை. ஒரே திசையில் அடுக்காக இருக்க வேண்டிய நார்கள், முறுக்குப் பிரிந்த கயிறு போலத் தாறுமாறாகக் கிடந்தன. இடையில் நீர் சேர்ந்து நாண் தடித்திருந்தது. இருக்கக் கூடாத இடத்தில் மெல்லிய இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் புகுந்திருந்தன. ஆற முயன்று ஆறாமல் நின்றுபோன திசு அது. அதனால்தான் டிக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியைக் கொஞ்ச நேரம் அமத்துமே தவிர நாணைத் திருத்துவதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. தோட்டத்து டிஸ்பென்சரியில் கை நிறையக் கொடுக்கிறார்கள் என்று விழுங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

2013ஆம் ஆண்டில் டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கரிமம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் உடலிலும் சேர்ந்தது. அது குதிநாணில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து நாணின் உட்பகுதிக்கு எத்தனை வயது என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு அந்த உட்பகுதி புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. பதினாறு பதினேழு வயது வரை இந்த மலைகளில் ஓடியாடிக் கட்டிய நாண்தான் சாகும்வரை நமக்கு. பழுதான இடம் திரும்பப் புத்தம் புதிதாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள நல்ல நார்களையும் மேலே உள்ள கெண்டைச் சதையையும் பலப்படுத்தலாம், பலப்பட்டால் வலி போகிறது. தடிப்பு மட்டும் பலருக்கு அப்படியே நிற்கும். ஸ்கேனிலும் பழைய குறை தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் காலிலும் அந்தத் தடிப்பு இன்னும் இருக்கிறது, வலி இல்லை.

பிசியோதெரபி மிஸ் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "சேர், இந்த நாண் ஓய்வுக்கு அடங்காது, வேலைக்குத்தான் அடங்கும். ஆனா வேலைய நான் சொல்ற அளவுலதான் குடுக்கணும்."

இந்த வைத்தியத்தை உலகறியச் செய்தவர் சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்ற எலும்பு மருத்துவர். அவருக்கே குதிநாண் வலி இருந்ததாம். சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள் என்று கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட, வலியை மோசமாக்கினால் செய்துதானே ஆக வேண்டும் என்று குதியைப் படியின் விளிம்பில் இருந்து இறக்கி ஏற்றிக் கடுமையாக வேலை கொடுத்திருக்கிறார். மோசமாவதற்குப் பதில் வலி போய்விட்டது. அப்படித்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். 1998இல், ஓடுவதை வழக்கமாகக் கொண்டிருந்த 15 பேரை வைத்து அவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட முடிவுதான் இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் சொல்லிக் கொடுக்கப்படும் பயிற்சிக்கு அடிப்படை. படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நிற்க வேண்டும். நல்ல காலின் உதவியோடு குதியை மேலே தூக்கி, வலியுள்ள காலால் மட்டும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடித்து 15 தடவை வீதம் மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம், ஒரு நாளும் விடாமல். முழங்காலை மடிப்பது வீண் வேலை இல்லை. மடித்தால்தான் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போய்ச் சேரும், ஏற்றத்தில் நடக்கும்போது அதிகம் உழைப்பது அந்தத் தசைதான்.

எனக்கு எடுத்த எடுப்பில் அதைத் தரவில்லை. தொடக்கத்தில் வலி கூடுதலாக இருந்ததால், சமதரையில் இரண்டு காலிலும் குதியைத் தூக்கி அசையாமல் 45 விநாடி நிற்பது, பிறகு இரண்டு நிமிடம் விடுவது, இப்படி ஐந்து தடவை. சிலருக்கு இதிலேயே வலி கொஞ்சம் அமரும், எனக்கு அமர்ந்தது. காலையில் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் சுவரைத் தொட்டபடி நின்றுவிடுவேன். அது பழகிய பிறகு சமதரையில் மெதுவாக ஏற்றி இறக்குவது. ஏற மூன்று எண்ண வேண்டும், இறங்க மூன்று எண்ண வேண்டும். அவசரமாகக் குதிப்பவர்களுக்கு இதில் பலன் இல்லை. அதற்கும் அப்புறம்தான் எங்கள் லயத்து வீட்டு வாசல் படி. படியில் சும்மா செய்வது இலேசானதும் முதுகுப் பையில் சுமை வைக்கச் சொன்னார். எனக்குச் சுமைக்குப் பஞ்சமில்லை, திருத்த வேண்டிய பிள்ளைகளின் கொப்பிகள் எப்போதும் கையில் இருக்கும். ஒரு வகுப்புக் கொப்பியில் தொடங்கி இரண்டு வகுப்பு, மூன்று வகுப்பு என்று கூட்டினேன்.

தினம் இரண்டு வேளை நேரம் ஒதுக்க முடியாதவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும் வழி உண்டு. 2015இல் டென்மார்க்கில் வெளியான ஒரு ஆய்வு, கூடுதலான சுமையோடு மிக மெதுவாக வாரத்துக்கு மூன்று நாள் செய்தவர்களையும் ஆல்ஃபிரட்சன் முறையில் தினமும் செய்தவர்களையும் ஒப்பிட்டது. முடிவில் இரு பக்கத்துக்கும் குணம் ஒரே அளவுதான். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் பெண்களுக்கு இந்த மூன்று நாள் கணக்குத்தான் சரிவரும் என்பது என் எண்ணம். செய்ய முடியாத மருந்தைவிடச் செய்ய முடிகிற மருந்து மேல்.

செய்யும்போது வலிக்குமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலிக்கும், அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. வலியே இல்லாததைப் பூச்சியம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் காலை விறைப்பு கூடிக்கொண்டு போகக் கூடாது. 2007இல் சுவீடனில் இருந்து வந்த ஆய்வு ஒன்றில் இந்த அளவுகோலை வைத்து, ஓட்டத்தையும் நிறுத்தாமல் பயிற்சியையும் செய்தவர்கள், ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறையாமல் குணமடைந்தார்கள். எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். அளவைக் கவனித்துக்கொண்டால் நடப்பதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. நான் கரப்பந்தை விட்டேன், குறுக்குப்பாதையை விட்டு வளைந்து வரும் தார் ரோட்டில் நடந்தேன், பாடசாலையை விடவில்லை. காலையில் வாசல் படியில் இறங்கும்போது எத்தனை மார்க் வலி என்று கலண்டரில் எழுதி வைத்தேன். ஒரு நாளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதத்தைப் புரட்டிப் பார்த்தால் இறங்கிக்கொண்டு வருவது தெரியும்.

இனி அக்கா.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் படித்து முடிக்க வேண்டும் என்பதற்காகத் தானே பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடை தூக்கியவர். அவருக்கு வலி குதி எலும்பின் பின்புறத்திலேயே, சப்பாத்தின் பின்விளிம்பு உரசும் இடத்தில். அங்கே சற்று மேடாகவும் இருந்தது. "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்களேன் அக்கா" என்றேன். "வீட்டுல இருந்தா பேர் எப்பிடி விழும் தம்பி? கொழுந்து வர்ற நேரத்துல லீவு போட்டா, வராத நேரத்துல என்னத்த சாப்பிடுறது?" என்றார். பேர் என்பது நாள் சம்பளத்துக்கான வேலைப் பதிவு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் செய்யும் படிப் பயிற்சியைப் பார்த்துத் தானும் தொடங்கட்டுமா என்று கேட்டார். இருவருக்கும் வலி இருக்கும் இடம் வேறு வேறாகத் தெரிந்ததால், முதலில் மிஸ்ஸிடம் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸ் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், எப்படி நின்று கொழுந்து எடுப்பீர்கள் என்று கேட்டார். வாசலில் சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சரிவு ஒன்று இருந்தது. அதில் மேட்டைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார். அக்கா நின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது. சரிவுக்குக் குறுக்காகத் திரும்பி நிற்கச் சொன்னார். வலி பாதியாகக் குறைந்துவிட்டது என்றார் அக்கா. மேட்டைப் பார்த்து நிற்கும்போது குதி தாழ்ந்து பாதம் மேல்நோக்கி மடங்குகிறது. அப்போது நாணின் அடிப்பகுதி குதி எலும்பின் மேல்முனையோடு நசுங்குகிறது. இழுவிசையோடு இந்த நசுக்கலும் சேர்வதுதான் ஒட்டுமிடத்து வலிக்கு முக்கிய காரணம். செங்குத்து மலையில் நாள் முழுக்க நிரை (தேயிலைச் செடி வரிசை) பிடித்து நிற்கும் ஒருவருக்கு அது மணிக்கணக்கில் நடக்கிறது. கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து, அதை நிறுக்கும் நிறுவை இடத்துக்கு ஏறும்போது இன்னும் கூடுகிறது.

இதனால்தான் என் பயிற்சி அக்காவுக்கு ஆகாது. படி விளிம்புக்குக் கீழே குதியை இறக்கினால் அதே நசுக்கல் அங்கேயும் வரும். அவருக்குச் சமதரை மட்டும்தான். குதியைத் தூக்கித் தரை வரை இறக்கலாம், தரைக்குக் கீழே இறக்கக் கூடாது. 2008இல் சுவீடனில் இருந்து வந்த ஆய்விலும் ஒட்டுமிடத்து வலிக்கு இப்படி மாற்றிச் செய்தபோதுதான் நல்ல பலன் கிடைத்தது. சுவரில் கையை ஊன்றிக் கெண்டையை இழுத்து நீட்டும் பயிற்சி ஒன்றை விளையாட்டுப் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் சொல்வார்கள். இந்த வகை வலியில் அதையும் விட்டுவிட வேண்டும். உளுக்கு எடுப்பவரிடம் போய் அந்த மேட்டை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிடச் சொல்வதும் வேண்டாம். நசுங்கி நொந்த இடத்தை மேலும் நசுக்குவதால் ஒரு நன்மையும் இல்லை.

அடுத்தது குதி உயரம். பழைய ரப்பர் செருப்பில் இருந்து குதி அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, கென்வஸ் சப்பாத்துக்குள் வைத்தோம். ஒரு சென்டிமீட்டர் உயரம் போதும். வலி ஒரு காலில் இருந்தாலும் இரண்டிலும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு சரிந்து நடை கெடும். சப்பாத்தின் பின்விளிம்பை நன்றாக மடக்கி மென்மையாக்கினோம். தட்டையான பாட்டா செருப்போடு மலைக்குப் போவதை அக்கா நிறுத்தினார். மலையில் நிற்கும்போது கான் (வடிகால்) ஓரத்திலோ கல்லிலோ குதியை ஏற்றி வைத்துக்கொள்வார், முடிந்த இடத்தில் எல்லாம் சரிவுக்குக் குறுக்காக நிற்பார். எடுக்கும் கொழுந்து குறைந்துவிடுமோ என்று முதலில் பயந்தார். பழகியதும் குறையவில்லை.

கங்காணியிடம் அக்காவே போய்க் கேட்டார். அவர் சில வாரத்துக்குச் செங்குத்தில்லாத மலையில் நிரை கொடுத்தார். பக்கத்து நிரைக்காரப் பெண்கள் மூட்டையை நிறுவை வரை மாறி மாறித் தூக்கினார்கள். இது அவர்களின் நல்ல மனதால் நடந்தது. மனதை நம்பி இருக்க வேண்டிய விஷயமா இது என்று நான் பலமாக எண்ணுகிறேன். காலில் வலி என்று மருத்துவத் துண்டு காட்டும் ஒரு தொழிலாளிக்கு, பேர் குறையாமல், சில வாரத்துக்கு மட்டமான மலையைக் கொடுப்பது எல்லாத் தோட்டத்திலும் முறையாக இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. நிரையைப் பிரிக்கும்போது ஒருவருடைய காலை நினைத்துப் பார்ப்பதுதான் தேவை. வலியோடு செங்குத்தில் நிறுத்தி வைத்து, பிறகு மாதக்கணக்கில் அவர் வராமல் போவதால் தோட்டத்துக்கும் என்ன லாபம்?

அக்கா பயிற்சியைச் செய்வது பெரட்டுக்களத்தில். வேலை பிரித்துக் கொடுக்கும்வரை நிற்கும் நேரத்தில் குதியைத் தூக்கி இறக்குவார். முதலில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவர்கள், பிறகு தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். ஒட்டுமிடத்து வலி நடுப்பகுதி வலியைவிட மெதுவாகவே குறையும். எனக்கு மூன்று நான்கு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அக்காவுக்கு அதைப் போல இரண்டு மடங்கு காலம் போனது. ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பலன் தெரியும் நேரமே இன்னும் வந்திருக்காது.

ஊசி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் சில வாரம் வலி அடங்கும். ஆனால் அதைக் குதிநாணுக்குள் போட்டால் நாண் பலமிழந்து அறுந்துபோகும் அபாயம் உண்டு. யாராவது போடச் சொன்னால், நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் காலை நீட்டாதீர்கள். இன்னொன்று இதைவிடவும் குறைவாகவே மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் சிலருக்குக் குதிநாணைத் தாக்கும், அறுந்துபோகவும் செய்யும். 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதற்காகவே மிகக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்துகளில் போட வைத்தது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்த மருந்தைக் குடிக்கத் தொடங்கிய பின் குதி வலித்தால், அன்றே டொக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள். முன்னரே வலி இருந்தால் மருந்து எழுதும்போதே சொல்லிவிடுங்கள். நீரிழிவும் உயர்ந்த கொலஸ்ட்ரோலும் நாணைப் பலவீனப்படுத்தும் என்பதால், காரணம் பிடிபடாத வலி உள்ளவர்கள் அவற்றையும் சோதித்துக்கொள்வது நல்லது. இளம் வயதில் இரண்டு குதியிலும் வலி வந்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தால், அது முதுகெலும்பைப் பிடிக்கும் வாதமாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி மட்டும் போதாது, கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நாண் அறுவது தனிக் கதை. எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது நண்பர் ஒருவர் பந்துக்கு எம்பினார். பின்னால் இருந்து யாரோ உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆளே இல்லை. டப்பென்ற சத்தம் எங்களுக்கும் கேட்டது. அறுந்தால் அந்தக் காலால் நுனிவிரலில் எழும்பி நிற்க முடியாது. குப்புறப் படுக்க வைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விட்டு, கெண்டைச் சதையைப் பிசைந்தால் நல்ல காலில் பாதம் அசையும், அறுந்த காலில் அசையாது. வலி சீக்கிரம் குறைந்து, நொண்டியாவது நடக்க முடிவதால் உளுக்கு என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி இருக்கவே கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனால் சத்திரசிகிச்சை இல்லாமல், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டியே பலருக்கு ஒட்ட வைக்கிறார்கள். நாள் கடந்தால் இரண்டு முனையும் விலகி வைத்தியம் கடினமாகிவிடும். நண்பரை நாங்கள் அந்தப் பின்னேரமே கொண்டுபோனோம், இப்போது நன்றாக நடக்கிறார். கட்டுப்போட்டு இருக்கும் காலத்தில் கெண்டை வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கும் உடனே ஓட வேண்டும்.

சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகும். மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் செப்டெம்பரிலேயே காலைத் தயார்படுத்தத் தொடங்கினால் நாணுக்கு மூன்று மாதம் கிடைக்கும். முதலில் பயிற்சி, பிறகு உங்கள் தோட்டத்துப் படிகளிலேயே வாரத்துக்கு இரண்டு நாள் ஏறி இறங்குவது, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவது, ஏறிய மறுநாள் ஏறாமல் விடுவது. மலையில் ஏறும்போது முன்பாதத்தை மட்டும் படியில் வைத்துக் குதியை அந்தரத்தில் தொங்கவிடாமல் முழுப்பாதத்தையும் வையுங்கள், கம்பி இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டுமிடத்தில் வலி உள்ளவர்கள் குதித் துண்டை எடுத்துவிட்டு ஏறக் கூடாது. அக்காவுக்கு இந்த வருடம் ஏறிவிட வேண்டும் என்று ஆசை. காலையில் அவருடைய வலி இப்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கார்த்திகை முடியும்வரை அது கூடாமல் இருந்தால் போகலாம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். வாரநாளில், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இடையிடையே கடைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதாக இருக்கிறோம்.